அக்காவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க பாஸ்!

ஒரு சின்ன எக்ஸ்பரிமென்ட் மக்களே! பயப்படாதீங்க, ரெக்கார்டு நோட்டெல்லாம் எழுத வேண்டாம். உங்க காலேஜ் பேகில் லேப்டாப், ரெண்டு தடி புக், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் அடைங்க. அஞ்சு, ஆறு கிலோ வந்துடும். அதை முதுகுல மாட்டாம, முன்னாடி வயித்துப் பக்கம் மாட்டிக்கோங்க. அப்படியே சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, சீட் காலியா இருந்தாலும் உட்காராம, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வாங்க. மீஞ்சூர் வர்றதுக்குள்ளேயே இடுப்பு, ‘டேய்... விட்டுடுடா’னு கெஞ்ச ஆரம்பிச்சிடும்.

நீங்க பொன்னேரியில இறங்கி பேகைக் கழட்டிடலாம். எங்க அக்காவால கழட்ட முடியாது. அவளுக்கு இது முப்பத்திமூணாவது வாரம்.

‘மெக்கானிக்கல் தேர்டு இயர் படிக்கிற பையன் கர்ப்பிணிப் பெண்களோட முதுகுவலி பத்தி எழுதப் போறானாம்’னு ஹாஸ்டல்ல ஒரே கலாட்டா. ‘மச்சான், வளைகாப்புக்கு எங்களையும் கூப்பிடு’னு ஒருத்தன். ‘பேசாம பைக் மைலேஜுக்கு டிப்ஸ் எழுதுடா’னு இன்னொருத்தன். சிரிங்க, சிரிங்க. ஆனா பாருங்க, இது பக்கா மெக்கானிக்கல் சப்ஜெக்ட். முதல் வருஷம் தூக்கம் வழிய வழிய படிச்சோமே, இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ், அதுல வர்ற ‘மொமென்ட்’ கணக்குதான் இது.

குழந்தை, பனிக்குடத் தண்ணி, நஞ்சுக்கொடி, கர்ப்பப்பை எல்லாம் சேர்ந்து கடைசி மாசத்துல அஞ்சு, ஆறு கிலோ. அந்த லோடு முதுகெலும்புக்கு ஒரு சாண் முன்னாடி நிற்குது. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற தசையோ முதுகெலும்புக்கு அஞ்சு சென்டிமீட்டர் பின்னாடிதான் இருக்கு. பார்க்குல சீசா பலகை ஆடியிருப்பீங்களே? நீளமான பக்கம் ஆறு கிலோ குழந்தை உட்கார்ந்தா, குட்டையான பக்கம் இருபத்திநாலு கிலோ வெச்சாதான் பேலன்ஸ் ஆகும். இது நானா போட்ட தோராயக் கணக்குதான், டாக்டருங்க சண்டைக்கு வராதீங்க. ஆனா லாஜிக் இதுதான். அந்த இருபத்திநாலு கிலோவை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கிற தசைக்கு வலிக்காம என்ன செய்யும்?

இதைச் சமாளிக்க உடம்பே ஒரு வழி வெச்சிருக்கு. இடுப்பை முன்னால தள்ளி, மேல் உடம்பைப் பின்னால சாய்ச்சு, சென்டர் ஆஃப் கிராவிட்டியைக் காலுக்கு நேரா கொண்டு வந்துடறது. நிறைமாசக்காரங்க ஒரு மாதிரி நிமிர்ந்து, அசைஞ்சு நடப்பாங்களே, அது ஸ்டைல் இல்லை பாஸ், ஸ்டெபிலிட்டி! 2007-ல் ‘நேச்சர்’ இதழில் கேத்ரின் விட்கோம், லிசா ஷாபிரோ, டேனியல் லீபர்மேன் மூணு பேரும் இதைப் பத்தி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காங்க. முதுகின் கீழ்ப்பகுதி வளையறதுக்குத் தோதா ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கிற எலும்புகள் ஆண்களுக்கு ரெண்டு, பெண்களுக்கு மூணு. குரங்குக்கும் மனுஷனுக்கும் இடைப்பட்ட நம்ம பழைய மூதாதைகளோட எலும்புகள்லயும் இந்த வித்தியாசம் தெரியுதாம். ரெண்டு கால்ல எழுந்து நின்ன காலத்துலேயே இயற்கை இந்த டிசைன் மாற்றத்தைப் பண்ணிடுச்சு. நம்ம ஃபேக்டரிங்க இன்னும் பண்ணலை. அதுக்குத்தான் வர்றேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ‘ரிலாக்ஸின்’னு ஒரு ஹார்மோன். பிரசவத்துக்கு வழிவிடறதுக்காக இடுப்பு மூட்டுகளைப் பிடிச்சிருக்கிற தசைநார்களைத் தளர்த்துது. நட்டு போல்ட்டை லூஸ் பண்ணி வெச்ச ஃப்ரேம் மேல லோடு ஏத்தினா எப்படி இருக்கும்? அப்படி! பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு முதுகுவலி வருதுன்னா ஆச்சர்யமே இல்லை.

எங்க ஆயா கேட்டுச்சு, ‘புள்ளத்தாச்சிக்கு இடுப்பு வலிக்காம பின்ன எனக்கா வலிக்கும்?’ அது ஏழு பெத்து, அஞ்சாவதைப் பெத்த மறுவாரமே நாத்து நட்ட ஆயா. அதுகிட்ட பேசி ஜெயிக்க முடியாது. ஆனா எல்லாருக்கும் வர்ற வலின்னா பொறுத்துக்கத்தான் வேணும்னு யார் சொன்னது? எல்லாருக்கும்தான் மழையில நனையுது, குடை பிடிக்கலையா?

சரி, அக்காவோட கதைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனி. பேர் வேண்டாமே. லைன்ல செக்கிங் வேலை, காண்ட்ராக்ட். காலையில ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு அஞ்சேகாலுக்கே பஸ் வந்து நிற்கும். ரெண்டு மணி வரை நின்னுக்கிட்டே வேலை. நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு ரெண்டு தடவை பத்து நிமிஷம். அவ்வளவுதான். அஞ்சாம் மாசத்துல ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டக் குனிஞ்சவ, அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. மாமாதான் கழட்டிவிட்டார்.

‘வேலையை விட்டுடேன்’னு அம்மா ஈஸியா சொல்லிட்டாங்க. விட்டா மாமா சம்பளம் மட்டும்தான். வாடகை, வண்டி டியூ, வரப்போற செலவு... அதோட, வேலையில இருந்தாதான் இ.எஸ்.ஐ.யில இருபத்தாறு வாரம் சம்பளத்தோட லீவு கிடைக்கும். அதனால ‘விடறதா வேணாமா’ங்கறது கேள்வியே இல்லை. வலியை எப்படிக் குறைக்கறதுங்கறதுதான் கேள்வி.

ஆரம்ப சுகாதார நிலையத்துல செவ்வாய்க்கிழமை செக்கப். அங்கே நர்ஸம்மா ஒருத்தங்க. எங்க ஹெச்.ஓ.டி.யைவிட நல்லா பாடம் எடுப்பாங்க. ‘ஒரே இடத்துல மரம் மாதிரி நிற்காதே’ன்னு ஆரம்பிச்சாங்க. காலுக்குக் கீழே நாலு இன்ச் உயரத்துல ஒரு கட்டையைப் போட்டு, ஒரு காலைத் தூக்கி அதுல வெச்சுக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு கால் மாத்தணும். இடுப்பெலும்பு லேசா திரும்பி, கீழ் முதுகோட வளைவு குறையும். அக்கா மறுநாளே பேக்கிங் செக்‌ஷன்ல உடைஞ்ச பேலட்ல இருந்து ஒரு கட்டையை வாங்கி வெச்சுக்கிட்டா. செலவு பூஜ்யம். ‘பாதி வலி போச்சுடா’ன்னா.

தூங்கறப்போ ஒருக்களிச்சு, முடிஞ்சவரை இடது பக்கம் படுக்கணும். முழங்காலுக்கு நடுவுல தலையணை. அதுக்கு ஆயாவோட பழைய புடவையைச் சுருட்டிக் குடுத்தோம், சூப்பரா செட் ஆச்சு. எழுந்திருக்கிறப்போ நேரா எக்கி எழாம, பக்கவாட்டுல திரும்பி, கையை ஊன்றி எழணும். கீழே கிடக்கிறதை எடுக்க இடுப்பை வளைக்காம முழங்காலை மடக்கணும். கையையும் முழங்காலையும் தரையில ஊன்றி, பூனை முதுகைத் தூக்கி சோம்பல் முறிக்குமே, அப்படி மெதுவா முதுகை வளைச்சு சமமாக்கற பயிற்சி தினமும் பத்துத் தடவை. துணைக்கு நானும் செஞ்சேன். மாமா போட்டோ எடுத்துட்டார். அதை வெளியிட மாட்டேன்!

அப்புறம் நடை. தடை எதுவும் டாக்டர் சொல்லலைன்னா வாரத்துக்கு நூத்தைம்பது நிமிஷம் மிதமான உடற்பயிற்சி கர்ப்பிணிகளுக்கும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஜி.என்.டி. ரோட்டுல நடந்தா டிரெய்லர் லாரி தூக்கிடும். அதனால சாயந்திரம் ரயில்வே பிளாட்பாரம். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மேடு பள்ளம் இல்லாம சமமா இருக்கும், உட்கார பெஞ்சும் இருக்கும். கும்மிடிப்பூண்டியில இதைவிட நல்ல வாக்கிங் டிராக் எனக்குத் தெரியலை.

என் பங்குக்கு நானும் ஒண்ணு சொன்னேன். கம்பெனி பஸ்ல அக்கா எப்பவும் கடைசி சீட். தோழிங்களோட அரட்டை அடிக்க வசதியாம். நமக்கும் கடைசி சீட்னா உயிர்தான். ஆனா பஸ் பள்ளத்துல இறங்கறப்போ பின் சக்கரத்துக்கு அப்பால இருக்கிற சீட்தான் அதிகமா தூக்கிப் போடும். ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல இருக்கிற சீட் அந்த அளவுக்குக் குதிக்காது. நடு சீட்டுக்கு மாறினா. ‘நாலு செமஸ்டர் ஃபீஸ் கட்டினதுக்கு இன்னிக்குத்தான்டா பிரயோஜனம்’னு அம்மா பாராட்டு வேற.

இதைவிட முக்கியமான ஒண்ணு, யாரும் வெளியே பேச மாட்டேங்கிறாங்க. லைன்ல இருக்கிற பொண்ணுங்க பல பேர் தண்ணியே குடிக்கறதில்லை. குடிச்சா பாத்ரூம் போகணும். பாத்ரூம் போகணும்னா லைன்ல மாத்து ஆள் வேணும், சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும். ‘எதுக்கு வம்பு’ன்னு வாயைக் கட்டிக்கிறாங்க. கர்ப்ப காலத்துல யூரின் இன்ஃபெக்‌ஷன் சுலபமா வரும். அது கிட்னி வரை ஏறினா முதுகுவலியாத்தான் தெரியும், கூடவே காய்ச்சலும் குளிரும். ‘நின்னு நின்னு வலிக்குது’ன்னு நினைச்சுக்கிட்டு தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா, அது குறைமாசப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். அக்கா இப்போ ஒரு லிட்டர் பாட்டிலை மேஜை மேலேயே வெச்சிருக்கா. பாத்ரூம் போறதுக்கு பர்மிஷன் கேட்கிறதில்லை, ‘போயிட்டு வரேன் சார்’னு தகவல் மட்டும் சொல்றா. அந்தத் தைரியம் வர ரெண்டு மாசம் ஆச்சு.

மெடிக்கல் ஷாப்ல ‘அண்ணே, முதுகுவலிக்கு மாத்திரை குடுங்க’ன்னு வாங்கிப் போடறதும் வேண்டவே வேண்டாம். நாம கிரிக்கெட் ஆடி அடிபட்டா போட்டுக்கிற டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையறா மாத்திரைங்க இருபது வாரத்துக்குப் பிறகு குழந்தையோட கிட்னியைப் பாதிச்சு, பனிக்குடத் தண்ணியையே குறைச்சிடலாம்னு 2020-ல் அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. எச்சரிச்சிருக்கு. பாராசிட்டமாலைக்கூட டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். பி.ஹெச்.சி.யில தர்ற இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் மறக்காமப் போடணும். ஆனா டீயோட போடக் கூடாது, கால்சியம் மாத்திரையோட சேர்த்தும் போடக் கூடாது. டீ பிரேக்ல டீயோட மாத்திரையை முழுங்கறதுதான் லைன்ல எல்லாரோட வழக்கம். போடறதே வீண்.

ஆயா விஷயத்துல ஒரே ஒரு இடத்துல அக்கா கறாரா இருக்கா. ‘சூட்டு வலி’! எட்டாம் மாசத்துல முதுகு விட்டு விட்டு வலிச்சா, ‘சூட்டு வலிதான், சீரகத் தண்ணி போட்டுக் குடி’ம்பாங்க. குடிக்கட்டும், தப்பில்லை. ஆனா வலி அலை மாதிரி வந்து வந்து போகுது, இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருதுன்னா சீரகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தமோ தண்ணியோ போனா, காய்ச்சல் அடிச்சா, கால் மரத்துப் போனா, குழந்தையோட துடிப்பு குறைஞ்சா உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லைன்னா 108. இதை அக்காவைவிட மாமா நல்லா மனப்பாடம் பண்ணணும்னு நர்ஸம்மா ஆர்டர். நைட் ஷிஃப்ட்ல இருந்தாலும் மாமா இப்போ போனை சைலன்ட்ல போடறதில்லை.

இப்போ ஸ்டூல் மேட்டர்.

கட்டை வெச்சும், சீட் மாறியும் ஆறாம் மாசம் வலி திரும்ப வந்துச்சு. ஏன்னு அக்கா சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. வயிறு பெருசாகப் பெருசாக மேஜைக்குக் கிட்ட நிற்க முடியலை. ஒரு அடி தள்ளி நிற்கணும். ஆனா பார்ட்ஸ் இருக்கிறது அதே இடத்துல. அப்போ கையை நீட்டி, முன்னால சாய்ஞ்சுதான் எடுக்கணும். திரும்பவும் மொமென்ட்! தூரம் கூடக்கூட லோடு கூடுது. ‘ஒர்க் ஸ்டடி’ பேப்பர்ல எத்தனை டயகிராம் வரைஞ்சிருப்போம்? கை எட்டற தூரம் இவ்வளவு, மேஜை உயரம் இவ்வளவுன்னு. அந்தப் படத்துல இருக்கிற ஆளுக்கு வயிறே கிடையாது பாஸ்.

உட்கார்ந்து செய்யலாம்ல? செக்கிங் வேலைதானே? அதுக்கு சட்டமே இருக்கு. கர்ப்பிணி கேட்டுக்கிட்டா, கடினமான வேலையோ ரொம்ப நேரம் நிற்கிற வேலையோ தரக் கூடாதுன்னு 1961 மகப்பேறு நலச் சட்டத்துலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. படிச்சதும் ஜாலியாகி அக்காவுக்கு போன் போட்டேன். அப்புறம்தான் அடுத்த வரியைப் படிச்சேன். அந்தப் பாதுகாப்பு பிரசவத் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முன்னால இருக்கிற ஒரு மாசத்துக்குத்தான். அதுக்கப்புறமும் லீவு எடுக்காம வேலைக்கு வந்தா அந்த நாட்களுக்கும் உண்டு. கணக்குப் போட்டா, ஏறக்குறைய முப்பதாவது வாரத்துலதான் தொடங்குது. முதுகுவலி அஞ்சாம் மாசமே வந்தாச்சு, சட்டம் எட்டாம் மாசம்தான் பஸ் ஏறுது!

ஆனா இன்னொரு கதவு இருக்கு. நின்னு வேலை செய்யற எல்லாத் தொழிலாளிக்கும், ஆணோ பெண்ணோ, உட்கார வசதி தரணும்னு 1948 ஃபேக்டரி சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. அதுக்குப் பதிலா வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பும் உட்கார ஏற்பாடு வேணும்னு சொல்லுது. எழுபது வருஷத்துக்கும் மேல பேப்பர்ல இருக்கிற ஸ்டூல்! கடைகளுக்கு அதுகூட இல்லாம இருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல டெய்லர் வேலை பார்த்த பி.விஜி, கடைப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கி, பாத்ரூமுக்கும் உட்கார்றதுக்கும் போராடினாங்க. 2018-ல் கேரளா சட்டம் கொண்டு வந்தது. 2021 செப்டம்பர்ல நம்ம சட்டமன்றத்துலயும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தர்ற திருத்தம் வந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில அடுத்த தடவை போறப்போ, சேலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி கவுன்ட்டருக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கான்னு எட்டிப் பாருங்க.

சட்டத்தைச் சொன்னதும் அக்கா, ‘எனக்கு மட்டும் ஸ்டூல் கேட்டா, இவளால தொல்லைன்னு காண்ட்ராக்டர் என் பேரைத்தான் முதல்ல அடிப்பாரு’ன்னா. பெரிய ஒழுங்கீனம் எதுவும் இல்லாம, கர்ப்ப காலத்துல வேலையிலிருந்து நிறுத்தினாலும் தகுதியுள்ளவங்களுக்கு மகப்பேறுப் பணம் போயிடாதுன்னு சட்டத்துல இருக்கேன்னேன். ‘பணம் வரும்டா, திரும்ப வேலை யார் தருவா?’ என்கிட்ட பதில் இல்லை.

அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. லைன்ல பதினொரு பேர். நாலு பேர் ஒடிசாப் பொண்ணுங்க, ரெண்டு பேருக்கு ஐம்பது வயசு, ஒருத்திக்குக் கால்ல நரம்பு சுருட்டல். எல்லாருக்குமே கால் வலி, முதுகுவலி. ஒரு லெட்டர். அதுல ‘கர்ப்பம்’ங்கற வார்த்தையே கிடையாது. ‘நின்று வேலை செய்யும் அனைவருக்கும் இருக்கை வேண்டும்’. அவ்வளவுதான். டைப் அடிச்சது நான், ஒடிசாப் பொண்ணுங்களுக்கு ஹிந்தியில விளக்கினது கேன்டீன் அண்ணன். பதினொரு கையெழுத்து. சூப்பர்வைசர் வாங்கிப் படிச்சுட்டு, அக்கம்பக்கம் பார்த்துட்டு, ‘எனக்கும் சேர்த்து ஒண்ணு எழுதியிருக்கலாம்ல?’ன்னாராம். அவரும் எட்டு மணி நேரம் நிற்கிற ஆளுதானே!

மூணு வாரம் சத்தமே இல்லை. அந்த மூணு வாரமும் அக்கா வீட்டுல கேட் பாஸை எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரு திங்கட்கிழமை லைனுக்கு நாலு ஸ்டூல் வந்திருந்தது. நீலக் கலர் பிளாஸ்டிக். பதினொரு பேருக்கு நாலு. முறை வெச்சு உட்கார்றாங்க. அக்காவோட முறை வந்தா ஒடிசாப் பொண்ணுங்க தங்களோட முறையையும் அவளுக்கே விட்டுத் தர்றாங்களாம்.

ஒரு சிக்கல் என்னன்னா, ஸ்டூல் உயரம் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர், மேஜை உயரம் தொண்ணூத்தஞ்சு. உட்கார்ந்தா மேஜை கழுத்துக்கிட்ட வருது. ஓய்வெடுக்கலாம், வேலை செய்ய முடியாது. வேலை செய்யணும்னா அறுபத்தஞ்சு சென்டிமீட்டர் உயரம், சாய்ஞ்சுக்க முதுகு, கால் வெச்சுக்க ஒரு வளையம், கவிழாம இருக்க அகலமான அடிப்பகுதி வேணும். டிராயிங் போட்டாச்சு. ஒர்க்‌ஷாப் வெல்டிங் அண்ணன், ‘ஒரு டிசைனுக்கு ஒரு பிரியாணி’ங்கறார். அக்காவுக்கு லீவு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. அவளுக்கு இது உதவாது. நாலாவது மேஜையில நிற்கிற பொண்ணுக்கு இப்போ மூணாம் மாசம். பிரியாணியை இந்த சனிக்கிழமையே வாங்கிக் குடுத்துடப் போறேன்.